சயாம் வீட்டுப் பெண்கள் வாங்கிக் கொடுத்த மணி



கொஞ்சம் நீளமான பதிவு. கடைசியில் உங்ககிட்ட ஒரு கோரிக்கையும் இருக்கு. நேரம் கிடைக்கும்போது நிதானமா படிங்க.

நம்ம கோயில் திருப்பணி நடந்துகிட்டு இருக்கிறது உங்களுக்குத் தெரியும். பாலாலயம் முடிஞ்சதும் சாமான்களை எல்லாம் ஸ்டோருக்கு மாத்தினோம். எதை வச்சுக்கிறது, எதைக் கழிச்சு விடுறதுன்னு பட்டியல் போடுற வேலை எனக்கு வந்துச்சு. உடைஞ்ச குத்துவிளக்கு, ஓட்டை விழுந்த அண்டா, துருப்பிடிச்ச கேட்டு… அந்த வரிசையில் நான் என் கையாலேயே எழுதினது இது: "பழைய வெண்கல மணி 1. விளிம்பில் விரிசல். பழைய சாமான் கடைக்கு."

மேளமும் மணியும் தானா அடிக்கிற மெஷின் ஒண்ணு உபயமா வரப்போகுது. பழைய மணிக்கு இனிமே வேலை இல்லன்னு நினைச்சேன். வேற எதுவும் மனசுல இல்ல.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மாகிட்ட பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிருச்சு. சோத்துல வச்ச கையை அப்படியே நிறுத்திட்டு கேட்டாங்க.

"எந்த மணி? உள்ள தூணுக்குப் பக்கத்துல தொங்குமே, அதுவா? அது உன் பாட்டியும் மத்த பொம்பளைங்களும் சேர்ந்து வாங்கின மணிடா."

இருபது வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம அந்த மணியை அடிச்சவன் நான். எனக்கு இது தெரியாது. அன்னிக்கு ராத்திரி அம்மா சொன்னதையும், சின்ன வயசில் பாட்டி வாயாலேயே நான் கேட்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுறேன்.

பாட்டியை ஞாபகம் இருக்கிறவங்க இந்தப் பக்கத்தில் இன்னும் சில பேர் இருப்பீங்க. நாலரை அடி உயரம். வாய் நிறைய வெத்தலை. லயத்துல ஒரு கோடியில நின்னு பேசினா மறு கோடியில கேட்கும். தோட்டத்துல எல்லாரும் கங்காணியைப் பார்த்தா ஒதுங்கி நிப்பாங்க. பாட்டியைப் பார்த்தா கங்காணி ஒதுங்கிப் போவாருன்னு அம்மா சிரிப்பாங்க.

பாட்டி சின்னப் பிள்ளையா இருக்கும்போது ரஜூலா கப்பலில் வந்தவங்க. 1926ல் கட்டின கப்பல் அது. நாகப்பட்டணத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரைக்கும் ஓடிச்சு. நம்ம நாட்டில் இருக்கிற எத்தனையோ குடும்பங்களோட கதை அந்தக் கப்பலோட டெக்குலதான் ஆரம்பிக்குது. பினாங்கு வந்ததும் ஜெரஜாக் தீவுல இறக்கி, நோய் நொடி இருக்கான்னு பார்த்து, அப்புறம்தான் தோட்டத்துக்கு அனுப்புவாங்க. "ஆட்டுக்கு மருந்து ஊத்துற மாதிரி எங்களுக்கும் ஊத்தினானுங்க"ன்னு பாட்டி சொல்வாங்க.

வந்து சேர்ந்தது கெடாவில், சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டிகிட்டு வர்ற காலம் அது. 1938ல் இந்திய அரசாங்கம் அப்படித் தொழிலாளிகளை அனுப்புறதுக்குத் தடை போட்டதோட அந்தக் கங்காணி முறை முடிஞ்சது. அதுக்குள்ள பாட்டி பால் மரம் வெட்டப் பழகி, அதே தோட்டத்தில் கல்யாணமும் ஆயிருச்சு.

அந்தக் காலத்தில் தோட்டத்துச் சம்பளக் கணக்கு என்னன்னா, நாளுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அது குறைஞ்ச காலமும் உண்டு. ஆனா ரெண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் மட்டும் மறையல. பாட்டி ஒரு நாள் பெரட்டுல நின்னு கிராணியைக் கேட்டாங்களாம்.

"அதே மரம், அதே உளி, அதே வாளி. வெட்டுறது பொம்பளைக் கைன்னு மரத்துக்குத் தெரியுமா? அதுவும் பாலைக் குறைச்சா ஊத்துது?"

ரெண்டு நாள் வேலையில்லன்னு நிறுத்தி வச்சாங்களாம். மூணாவது நாள் பாட்டி அதே இடத்துல வந்து நின்னு அதையே மறுபடியும் கேட்டாங்களாம். பத்து காசு கிடைக்கல. ஆனா கேட்டாங்க.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். 1941 டிசம்பர் 8ந்தேதி கோத்தா பாருவில் இறங்கினவன், ஒரு வாரத்துக்குள்ள கெடாவுக்குள்ள புகுந்துட்டான். தொரைமாருங்க ராத்திரியோட ராத்திரியா காடி ஏறித் தெற்கே ஓடிட்டாங்க. ரப்பர் வாங்க ஆள் இல்ல. வேலை இல்ல, அரிசி இல்ல. மரவள்ளிக் கிழங்குதான் காலையிலயும் ராத்திரியும். துணி கிடைக்காம கோணிச் சாக்கைக் கட்டிகிட்ட காலம். வாழை மரம் போட்ட ஜப்பான் நோட்டை மூட்டையா கொண்டு போனாலும் கையளவு சாமான்தான் வரும்.

பாட்டி தாலியில இருந்த பொன்னை வித்து அரிசி வாங்கினாங்க. கழுத்துல மஞ்சக் கிழங்கை நூல்ல கட்டிகிட்டாங்க. அம்மா அப்போ கைக்குழந்தை.

1943ல் சயாமுக்கு ஆள் எடுத்தாங்க. மூணு மாசம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு உண்டுன்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. ஆள் வராம போனதும் தோட்டத்துக்கு இத்தனை பேர்னு கணக்கு கேட்டாங்க. தாத்தா பேர் பட்டியல்ல ஏறிச்சு. ஒரு சாயந்திரம் லோரி வந்து நின்னுச்சு. பாட்டி கருவாடும் அவிச்ச கிழங்கும் கட்டிக் கொடுத்தாங்க. "மூணு மாசம்தானே"ன்னு சொல்லிட்டு தாத்தா ஏறினாரு. பாட்டிக்குத் தெரிஞ்ச தாத்தா அதோட சரி.

அந்த வரலாறு உங்களில் பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்றேன். சயாமில் இருக்கிற பான் பொங்கிலிருந்து பர்மாவில் இருக்கிற தான்பியூசாயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காட்டையும் மலையையும் வெட்டி, ஏறத்தாழ ஒன்றரை வருஷத்துக்குள்ள போட்ட பாதை. ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஹாலந்து நாட்டுப் போர்க் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கும் மேல் அதில் வேலை செஞ்சாங்க. ஆனா அவங்களை விட ரெண்டு மடங்குக்கும் அதிகமா வேலை செஞ்சது ஆசியத் தொழிலாளிகள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கும் மேல் போனாங்க. அதில் பெரும்பகுதி நம்ம தோட்டத்துத் தமிழர்கள். கூட்ஸ் பெட்டியில் அடைச்சுக் கொண்டு போய், பான் பொங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள்ள நாள் கணக்கா நடக்க வச்சாங்க. மழைக்காலத்தில் காலரா வந்துச்சு. போர்க் கைதிகளுக்காவது அவங்க கூட்டத்திலேயே டாக்டருங்க இருந்தாங்க. நம்ம ஆளுங்களுக்கு அதுவும் இல்ல.

இன்னிக்கு காஞ்சனபுரிக்குப் போனீங்கன்னா போர்க் கைதிகளோட கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு பலகை, ஒழுங்கா வெட்டின புல்லு. பேர், வயசு, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். நம்ம ஆளுங்களுக்கு அப்படி வரிசையும் இல்ல, பேரும் இல்ல. எரிச்சாங்களா, புதைச்சாங்களான்னு வீட்டுக்குச் சொல்லவும் ஆள் இல்ல. அண்மைக் காலத்தில்தான் அங்கே நம்மவங்க நினைவா ஒரு நடுகல் எழுந்துச்சு.

ரெண்டு பக்கத்துத் தண்டவாளமும் ஒண்ணு சேர்ந்தது 1943 அக்டோபர் 17ந்தேதி. மறுநாள், அக்டோபர் 18ந்தேதி, ஜப்பான்காரன் கெடாவையும் பெர்லிஸையும் கிளந்தானையும் திரெங்கானுவையும் சயாமுக்கே தூக்கிக் கொடுத்துட்டான். இது பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிஞ்சுபோற விஷயம். பாட்டி சொன்ன விதம் வேற.

"உங்க தாத்தாவ சயாமுக்குக் கொண்டு போனானுங்க. அப்புறம் பார்த்தா சயாமே இங்க வந்து நிக்குது. சயாம் வந்துருச்சு, அந்த மனுசன் மட்டும் வரல."

சிரிச்சுகிட்டேதான் சொல்வாங்க. நாங்களும் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்கு உள்ள என்ன இருந்துச்சுன்னு இப்போதான் எனக்கு உறைக்குது.

சண்டை முடிஞ்சு போனவங்க ஒவ்வொருத்தரா திரும்பினாங்க. கால்ல புண்ணு, எலும்பும் தோலுமா. நம்ம தோட்டத்துக்குத் திரும்பினவங்க விரல் விட்டு எண்ணக்கூடியவங்கதான். தாத்தாவோட ஒரே பெட்டியில் போனவர் ஒருத்தரும் வந்தாரு. பாட்டி அவரைத் தேடிப் போனாங்க. நீக்கே கேம்ப் பக்கம் ஆளுங்களைப் பிரிச்சப்போ தாத்தா வேற கூட்டத்தோட போயிட்டாரு, அதுக்கப்புறம் பார்க்கலன்னு சொன்னாராம். பாட்டி மூணு தடவை ஒரே கேள்வியைக் கேட்டாங்களாம்: "செத்ததைப் பார்த்தியா?" மூணு தடவையும் அவர் இல்லன்னு தலையாட்டினாராம்.

பாட்டிக்கு அது போதும். வீட்டுக்கு வந்து முகம் கழுவிப் பொட்டு வச்சுகிட்டாங்க.

இப்போ மணி விஷயத்துக்கு வர்றேன்.

அப்போ தோட்டத்துக் கோயில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். வெண்கல மணி எல்லாம் கிடையாது. பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிட ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்பால அடிப்பாங்க இல்ல, அதே மாதிரி ஒரு துண்டுதான் கோயில் வாசல்லயும் தொங்கிச்சு. பூசை நேரத்தில் அதைத்தான் அடிப்பாங்க. சண்டைக்கு முன்னாடி யாருக்கும் அது தப்பாத் தெரியல.

சண்டைக்கு அப்புறம் முதல் திருவிழா. தீபாராதனை நேரம். பூசாரி கற்பூரத்தை ஏத்தினாரு, ஒரு பையன் தண்டவாளத்தை அடிச்சான். சாமி முன்னாடி நின்ன பாட்டி சட்டுனு திரும்பி, அந்தப் பையன் கையைப் பிடிச்சாங்களாம்.

"நிறுத்துடா. இந்தச் சத்தத்துல நான் சாமி கும்பிட மாட்டேன்."

கூட்டமே திகைச்சுப் போச்சாம். கொஞ்ச நேரத்துல பின்னாடி நின்ன பொம்பளைங்க ஒருத்தர் ரெண்டு பேரா அழ ஆரம்பிச்சாங்க. சயாமுக்குப் போய்த் திரும்பாதவங்களோட பெண்சாதிங்க. "சயாம் வீட்டுப் பொம்பளைங்க"ன்னுதான் தோட்டத்துல அவங்களுக்குப் பேர். பட்டம் மாதிரி ஒட்டிக்கிச்சு அந்தப் பேர்.

அன்னிக்கே அவங்க முடிவு பண்ணிட்டாங்க. சம்பள நாளுக்குச் சம்பள நாள் ஆளுக்கு முடிஞ்ச காசு. பாட்டி முந்தானையில முடிச்சுப் போட்டு வச்சிருந்தாங்களாம். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பினாங்குக்குப் போய் ஒரு பாத்திரக் கடையில் விலை பேசி, சாக்குல சுத்தித் தலையில வச்சு எடுத்துகிட்டு வந்தாங்க.

கொண்டு வந்த மணியைக் கோயில்ல கட்ட விடல. பெரியவங்க சில பேர் தடுத்தாங்க. புருசன் இல்லாதவங்க கொடுத்த மணி, மங்கல காரியத்துக்கு ஆகாதுன்னு பேச்சு. பாட்டி கோயில் வாசல்ல மணியை இறக்கி வச்சு, அது பக்கத்திலேயே உட்கார்ந்துகிட்டாங்களாம்.

"எங்கள அமங்கலின்னு சொல்றவங்க முன்னாடி வாங்கய்யா. எங்க புருசன் பொணத்தப் பார்த்தவங்க யாரு? பார்த்தவங்க இந்த மாரியாத்தா முன்னாடி சூடம் அணைச்சுச் சொல்லட்டும். இப்பவே பொட்ட அழிச்சிக்கிறேன்."

யாரும் முன்னுக்கு வரல. சாயந்திரம் பூசாரியே வந்து மணியைத் தூக்கிகிட்டு உள்ள போனாரு.

இதைக் கேட்டதும் நான் அம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். தாத்தா பேரைப் பட்டியல்ல எழுதினது யாருன்னு பாட்டிக்குத் தெரியுமா? அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "தெரியும். நானும் கேட்டிருக்கேன். 'எழுதலன்னா அவன் போயிருக்கணும், எழுதினான். அவன் பிள்ளைங்களும் இதே கோயில்லதான் கும்பிடுதுங்க, உனக்கெதுக்கு'ன்னு சொல்லிட்டா." பாட்டி அந்தப் பேரைக் கடைசி வரைக்கும் சொல்லல. ஊருக்கே கேட்கிற குரல் உள்ளவங்க, அந்த ஒரு பேரை மட்டும் வாய்க்குள்ளேயே வச்சுகிட்டுப் போயிட்டாங்க.

மணியோட பாட்டி நிக்கல. சண்டைக்கு அப்புறம் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்துப் பக்கம் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பினதைப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு எதிரா நம்மவங்க எழுந்த காலம். போலீஸ் வந்து அடிதடி, சிறைன்னு முடிஞ்ச கதை அது. எங்க தோட்டத்துலயும் பொம்பளைங்க கடை வாசல்ல நின்னாங்க. முதல் ஆளா பாட்டி. "உனக்குத்தான் புருசனே இல்லையே, உனக்கென்னா கவலை?"ன்னு குடிகாரன் ஒருத்தன் கேட்டானாம். பாட்டி அவனை விட்டுட்டு அவன் பெண்சாதியைப் பார்த்துச் சொன்னாங்களாம்: "எனக்கு இருந்தான், கொண்டு போயிட்டானுங்க. உனக்கு வீட்டுலயே இருக்கான். காப்பாத்திக்கடி."

கோயில் தொண்டர்னு சட்டையில பேட்ஜ் குத்திகிட்டுத் திரியிற எனக்கு, தொண்டர்ங்கிற வார்த்தை நம்ம ஊர்ப் பக்கம் எப்படி வளர்ந்துச்சுன்னு தெரியாமலே இருந்துச்சு.

சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு மனு போட்டப்போ நடந்ததையும் அம்மா சொன்னாங்க. கூடப் போனது அம்மாதான், பாட்டிக்கு மலாய்ல எழுத வராது. ஃபாரத்துல கணவர்ங்கிற இடம் வந்துச்சு. உயிரோட இருக்காரா, இறந்துட்டாரா? பாட்டி சொன்னாங்க, "வெளியூர் போயிருக்காருன்னு எழுது." எப்போ போனாருன்னு கேட்டாங்க. "ஜப்பான்காரன் காலத்துல." கவுண்டர்ல இருந்த மலாய்க்காரர் பேனாவைக் கீழே வச்சுட்டு நிமிர்ந்து பார்த்தாராம். அவரும் ஏதோ புரிஞ்சுகிட்ட மாதிரி அந்தக் கட்டத்துல ஒரு கோடு மட்டும் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாராம்.

அந்தக் காகிதம் எவ்வளவு முக்கியம்னு பின்னாடிதான் தெரிஞ்சது. 1969க்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் வேணும்னு ஆனப்போ, எத்தனையோ பேர் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுட்டு அதே ரஜூலாவுல ஏறினாங்க. பாட்டி ஏறல. "அவரு வந்து லயத்துக் கதவத் தட்டினா யாரு தொறக்கிறது?"ன்னு கேட்டாங்களாம்.

நான் படிவம் மூணு படிக்கும்போது பாட்டி தவறினாங்க. உடம்பைக் குளிப்பாட்டி வச்சுட்டு பொம்பளைங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துகிட்டு நின்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எந்தப் புடவை கட்டுறது? பொட்டு வைக்கிறதா வேணாமா? அப்போ எனக்கு ஏன் இந்தத் தயக்கம்னு புரியல. அம்மாதான் குங்குமச் சிமிழை எடுத்துகிட்டு வந்தாங்க. "இருந்த மாதிரியே அனுப்புங்க." சிவப்புப் புடவை, பூ, பெரிய பொட்டு. நாப்பது வருஷத்துக்கும் மேல கழுத்துல கிடந்த அந்த மஞ்சக் கிழங்கு நூலும் கூடவே போச்சு.

அம்மா இவ்வளவும் சொன்ன மறுநாள் காலையில் நான் கோயில் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். பழைய வரவு செலவு நோட்டுங்க கரையான் அரிச்சுக் கிடந்துச்சு. ஒண்ணுல, மங்கிப் போன மையில, ஒரே ஒரு வரி: "சயாம் வீட்டுப் பெண்கள் பதினொரு பேர் உபயம், மணி 1." அதுக்கு மேல் வரியில அரிசி மூட்டை கொடுத்தவர் பேர் இருக்கு, தகப்பனார் பேரோட. கீழ் வரியில ரெண்டு டின் எண்ணெய் கொடுத்தவர் பேர் இருக்கு. இந்தப் பதினொரு பேருக்கு மட்டும் பேர் இல்ல.

நம்ம கோயில்ல தண்ணி கூலர்ல உபயதாரர் பேர் இருக்கு. காத்தாடி இறக்கையில இருக்கு. நாற்காலி முதுகுல இருக்கு. நான் யாரையும் குத்திக் காட்டல, அதெல்லாம் எழுதினதும் நான்தான். ஆனா புருசனுக்குக் காட்டுல பேர் பலகை இல்ல, பெண்சாதிக்குக் கோயில் நோட்டுல பேர் இல்ல. காட்டுல நடந்ததை நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. நோட்டை நம்மால திருத்த முடியும்.

இனி என் கோரிக்கை.

விரிசல் விட்ட மணியைப் பூசையில் அடிக்கக் கூடாதுன்னு குருக்கள் சொல்றாரு. சரி, அதை மீறச் சொல்லல. புது மெஷின் வரட்டும், கொடுக்கிற உபயதாரருக்கு நன்றி. பழைய மணியைப் பழைய சாமான் கடைக்குப் போட வேணாம். முன் மண்டபத்தில், வாசலுக்கு வலது பக்கம் ஒரு பீடம் கட்டி, அதில் வைப்போம். கீழே ஒரு சின்னக் கல்லு. அதுல பதினொரு பேர். நிர்வாகக் கூட்டத்தில் வர்ற ஞாயிற்றுக்கிழமை நான் இதைக் கேட்கப் போறேன். என் பட்டியலை நானே அடிச்சுத் திருத்திட்டேன்.

அம்மா ஞாபகத்தில் இருந்து ஆறு பேர் கிடைச்சிருக்கு. இன்னும் அஞ்சு பேர் வேணும். அந்தந்தக் குடும்பத்துகிட்ட கேட்காம பேர் போடுறது முறையில்ல, அதனால் இங்கே யார் பேரையும் எழுதல, பாட்டி பேரையும் சேர்த்துத்தான். நம்ம பழைய தோட்டத்தில் இருந்தவங்க, உங்க வீட்டுல சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தா இருந்தா, அவரோட பெண்சாதி பேர் என்னன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னிக்கே கேளுங்க. நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. எங்க அம்மாகிட்ட இந்தக் கேள்வியை நான் ஐம்பது வயசுல, அதுவும் தற்செயலாத்தான் கேட்டேன்.

தெரிஞ்சா எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்க. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு நான் ஸ்டோர் பக்கம்தான் இருப்பேன், நேர்லயும் வந்து சொல்லலாம்.

நேத்து சாயந்திரம் அம்மாவைக் கூட்டிகிட்டு ஸ்டோருக்குப் போனேன். மணி மேல இருந்த தூசியை முந்தானையால துடைச்சாங்க. லேசா ஒரு தட்டு தட்டினாங்க. விரிசல் விட்ட மணி, சத்தம் கொஞ்சம் அடைச்சுத்தான் வந்துச்சு.

"இவ தொண்டையும் கடைசியில இப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு, சிரிச்சாங்க.

மாரியம்மன் துணை.